சுரியானித் திருமொழியில் கிரேக்கத்தின் சுவடுகள்

கேரள நாட்டின் சுரியானி முறைக் கோவில்களுக்குச் சென்று வந்தோர் நம்மிடையே பலர் இருப்பர். அங்கே வழிபாட்டு ஒழுங்கு நூலைத் 'தக்ஸா' என்பார்கள். ஆயர்களின் பேரவையைச் 'சுன்னஹதோஸ்' என்பார்கள். இச்சொற்கள் மலையாளம் அல்ல; கேட்டால் "சுரியானி" என்று பதில் வரும். இன்னும் சற்று ஆழமாகத் தோண்டினால் அவை சுரியானியும் அல்ல, கிரேக்கம்! ஒழுங்கு எனப் பொருள்படும் 'தாக்ஸிஸ்' என்ற கிரேக்கச் சொல் சுரியானியில் 'தெக்ஸா' ஆயிற்று. கூட்டம் எனப் பொருள்படும் 'சினொதோஸ்' என்பது 'சுன்ஹதோஸ்' ஆயிற்று. கிரேக்கத்தில் பிறந்து, சுரியானியில் வளர்ந்து, கடல் கடந்து மலபார்க் கரையில் குடியேறிய சொற்கள் இவை.

திருமொழி என்றால் பிற மொழியின் கலப்பே இல்லாமல் தூய்மையாக நிலைத்து நின்ற மொழி என்று எண்ணுவது நம் இயல்பு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. சுரியானி என்னும் சிரியாக் மொழி தன் எழுத்து வாழ்வின் முதல் நாளிலிருந்தே கிரேக்கத்தின் அருகில் வாழ்ந்தது, அதனிடம் கடன் வாங்கியது, அதனோடு சண்டையிட்டது, சில வேளைகளில் அதற்கு அடிமைப்பட்டது, இறுதியில் அதற்கே ஆசிரியராகவும் விளங்கியது. அயல்மொழியின் தொடர்பு ஒரு மொழியை வாழ வைக்குமா, வாட வைக்குமா? இக்கேள்விக்கு விடை காண விழைவோர்க்குச் சுரியானியின் வரலாறு ஒரு நல்ல பாடம். திருச்சபையின் நெடிய வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கும் நாம், அப்பாடத்தையும் படித்துப் பார்ப்போம்.

எதேசா நகரம்

அரமேய மொழி நம் ஆண்டவர் பேசிய மொழி என்பதை அறிவோம். 'தலித்தா கும்', 'எப்பத்தா' என அவர் திருவாயிலிருந்து வந்த சொற்களை நற்செய்தியாளர் அப்படியே பதித்து வைத்துள்ளனர். அவர் பேசியது கலிலேயா நாட்டு வழக்கு. அதே அரமேயத்தின் மற்றொரு கிளையே சுரியானி. அதன் தாயகம் எதேசா நகரம். இன்று அது துருக்கி நாட்டில் உர்ஃபா என்ற பெயரில் உள்ளது.

ஊர் மக்கள் தங்கள் நகரை 'ஊர்ஹாய்' என்றே அழைத்தனர். எதேசா என்பது கிரேக்கர் இட்ட பெயர். மகா அலெக்சாந்தரின் படைத்தலைவருள் ஒருவரான செலூக்கஸ், கி.மு. 303-ஆம் ஆண்டு அளவில் அங்கே ஒரு குடியேற்றத்தை நிறுவி, மக்கெதோனியாவிலிருந்த எதேசா என்ற ஊரின் பெயரை அதற்குச் சூட்டினார். ஆண்டுக் கணக்கும் கிரேக்கரிடமிருந்தே வந்தது. கி.மு. 312-இல் தொடங்கும் செலூக்கஸ் ஆண்டினைச் சுரியானியர் 'கிரேக்கரின் ஆண்டு' என்று வழங்கினர். பல நூற்றாண்டுகள் வரை ஏடுகளுக்கு அந்த ஆண்டையே இட்டனர்.

காலம் குறிக்கப்பட்ட சுரியானிக் கல்வெட்டுகளுள் மிகப் பழையது கி.பி. 6-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது, சுரியானி எழுத்தில் ஏறுவதற்கு முன்பே கிரேக்கம் அந்நாட்டில் முந்நூறு ஆண்டுகள் வழங்கிவிட்டது. கி.பி. 243-இல் எதேசாவில் எழுதப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணின் விற்பனைப் பத்திரம், யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள தூரா-எவுரோப்போஸ் என்ற பாழூரில் கிடைத்துள்ளது. பத்திரம் சுரியானியில் உள்ளது. கிரேக்கத்திலும் ஒரு குறிப்பு அதில் காணப்படுகிறது. உரோமைப் பேரரசரைக் குறிக்க அதன் முதல் வரியிலேயே 'அவுத்தோக்ராத்தோர்' என்ற கிரேக்கச் சொல் நிற்கிறது. சந்தையிலும் நீதிமன்றத்திலும் இரு மொழிகளும் தோளோடு தோள் உரசி நின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

கடன் வாங்கிய செல்வம்

இவ்வாறு சுரியானியில் புகுந்த கிரேக்கச் சொற்கள் பல நூறு. சட்டம் எனப் பொருள்படும் 'நொமோஸ்' சுரியானியில் 'நாமோசா' ஆயிற்று. எதேசாவில் வாழ்ந்த பர்தைசான் (154-222) என்ற அறிஞரின் பள்ளியிலிருந்து வந்த உரையாடல் நூலின் பெயரே 'நாடுகளின் நாமோசாக்கள்' என்பதாகும். சுரியானி உரைநடையின் முதல் நூல்களுள் ஒன்று தன் நெற்றியிலேயே ஒரு கிரேக்கச் சொல்லை அணிந்திருக்கிறது. பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து நேராக மொழிபெயர்த்தவர்களும் 'தோரா' என்னும் எபிரேயச் சொல்லுக்கு 'நாமோசா' என்றே எழுதினர். அதற்குள் அது அயற்சொல் என்ற நினைவே மக்களுக்கு இல்லை போலும்.

நற்செய்தி 'எவங்கேலியோன்' ஆயிற்று. ஆயர் 'எபிஸ்கோப்பா' ஆனார். முகம், ஆள் எனப் பொருள்படும் 'ப்ரொசோப்பொன்' என்பது 'பர்சோபா' ஆயிற்று. காற்றுக்கு, படைவீரனுக்கு, அந்நியனுக்கு, ஆளுநருக்கு என எல்லாவற்றுக்கும் கிரேக்கச் சொற்கள் வந்து சேர்ந்தன. இவை கோவிலுக்கு மட்டும் உரியவை அல்ல. அடுப்படிக்கும் அங்காடிக்கும் உரிய சொற்களும் அவற்றுள் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் அயற்சொல்லை வாங்கினால் அதனோடு 'செய்தல்' அல்லது 'ஆதல்' என்ற சொல்லை ஒட்டி வினையாக்குவோம். சுரியானி அவ்வாறு செய்வதில்லை. அம்மொழியின் வினைகள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து முளைப்பவை. 'தெக்ஸா' என்ற கடன் சொல்லை வாங்கிய மக்கள், அதிலிருந்து மெய்யெழுத்துகளைப் பிழிந்தெடுத்து, 'தக்கெஸ்' (ஒழுங்குபடுத்தினான்) என்ற வினையை உண்டாக்கினர். நுகத்தில் பூட்டிய இணை என்று பொருள்படும் 'செவ்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை 'சவ்கா' என வாங்கி, 'சவ்வெக்' (இணைத்தான்) என்று வினையாக்கி, திருமணத்திற்கும் அதிலிருந்தே ஒரு பெயரை வகுத்துக் கொண்டனர். வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக் கொண்ட பெருந்தன்மை இது. உயிருள்ள மொழியின் அடையாளமும் இதுவே.

வாக்கிய அமைப்பிலும் கிரேக்கம் தன் கைவரிசையைக் காட்டியது. 'தேன்' என்பது பழைய அரமேயத்தில் 'அப்பொழுது' எனப் பொருள் தந்த சொல். கிரேக்கத்தில் வாக்கியத்தின் இரண்டாம் சொல்லாக வரும் 'தெ' என்ற இடைச்சொல்லோடு ஒலி ஒத்திருந்ததால், சுரியானியர் 'தேன்' என்பதையும் இரண்டாம் இடத்தில் அமர்த்தி, 'ஆனால்', 'மேலும்' என்ற பொருளில் வழங்கலாயினர். சொல் தம்முடையது, அதன் இருப்பிடமும் வேலையும் கிரேக்கத்தினுடையது.

புனித எப்ரேம்

நிசிபிஸ் நகரில் கி.பி. 306-ஆம் ஆண்டு அளவில் பிறந்தவர் புனித எப்ரேம். 363-இல் அந்நகர் பாரசீகரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஊரை விட்டு வெளியேறிய கிறிஸ்தவர்களோடு அவரும் எதேசாவுக்கு வந்தார். 373-இல் அங்கேயே இறந்தார். திருச்சபை அவரை மறைவல்லுநராகப் போற்றுகிறது. 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவருக்கு அப்பெருமையை அளித்தார்.

கிரேக்க ஞானத்தை நஞ்சுக்கு ஒப்பிட்டவர் எப்ரேம். இறைவனின் மறைபொருளை அறிவால் அளந்து, வரையறை கட்டிப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. முத்தும் விளக்கும் கண்ணாடியும் ஆடையுமாக உவமைகளை அடுக்கி, பாடலாகவே இறையியலைப் பாடினார். ஆயினும் அவர் நாவிலும் நாமோசா முதலிய கிரேக்கச் சொற்கள் இயல்பாகவே வந்தன. கிரேக்கரின் தத்துவத்தை மறுத்தவராலும் கிரேக்கரின் சொற்களை மறுக்க இயலவில்லை.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் அன்று. எப்ரேம் இறந்த இருபதாண்டுகளுக்குள், 392-இல், புனித ஜெரோம் அவருடைய நூலொன்றைக் கிரேக்க மொழிபெயர்ப்பில் படித்ததாக எழுதியுள்ளார். பின்னர் கிரேக்கத் திருச்சபையின் பெரும் பாடகராக விளங்கிய ரோமானுஸ் சிரியா நாட்டு எமேசாவில் பிறந்தவர். அவர் பாடிய கிரேக்கப் பாடல் வகையில் சுரியானிப் பாடல்களின் சாயல் உண்டு என்பர் அறிஞர்.

மொழிபெயர்ப்புக் காலம்

காலம் குறிக்கப்பட்ட சுரியானி நூலேடுகளுள் மிகப் பழையது, கிரேக்கரின் ஆண்டு 723-இல், அதாவது கி.பி. 411 நவம்பரில், எதேசாவில் எழுதி முடிக்கப்பட்டது. இன்று இலண்டன் நகரில் உள்ளது. அதில் அடங்கிய நூல்கள் யாவும் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டவையே. அவற்றுள் ஒன்றான எவுசேபியுஸின் 'இறைவெளிப்பாடு' பற்றிய நூலுக்குக் கிரேக்க மூலம் சிதறிய துண்டுகளாகவே எஞ்சியுள்ளது. முழுமையாகக் கிடைப்பது சுரியானியில் மட்டுமே!

தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கருத்தை எடுத்துக்கொண்டு தாராளமாகவே பெயர்த்தனர். படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் நிலைமை மாறியது. விசுவாசம் பற்றிய வாக்குவாதங்கள் முற்றின. ஒரு சொல்லின் பொருட்டு ஆயர்கள் நாடு கடத்தப்பட்ட காலம் அது. எனவே கிரேக்க மூலத்தின் ஒவ்வொரு சொல்லும் சுரியானியில் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்ற கவலை பிறந்தது.

மபூக் நகரின் ஆயரான பிலொக்சேனுஸ், மக்களிடையே வழங்கிய 'பெஷீத்தா' என்ற சுரியானி விவிலியம் கிரேக்கத்தைச் சரிவரக் காட்டவில்லை என்று குறை கூறி, 508-இல் புதிய ஏற்பாட்டைப் பொலிக்கார்ப்பு என்பவரைக் கொண்டு திருத்தியமைத்தார். அதுவும் போதாதென்று, 616-இல் ஹர்க்கேல் ஊர்த் தோமா என்ற ஆயர் அலெக்சாந்திரியா நகருக்கு அருகிலிருந்த துறவு மடமொன்றில் தங்கி, சொல்லுக்குச் சொல் கிரேக்கத்தை ஒத்த மற்றொரு திருத்தத்தைச் செய்தார். அதே காலத்தில் அதே இடத்தில் தெல்லா ஊர்ப் பவுல் பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்தார்.

தோமாவின் நடை எத்தகையது? சுரியானியில் 'அவருடைய பெயர்' என்பது 'ஷ்மேஹ்' என்ற ஒரே சொல். 'அவருடைய' என்பது விகுதியாக அதற்குள்ளேயே அடங்கிவிடும். கிரேக்கத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஆகவே தோமா அச்சொல்லைப் பிரித்து, 'அவருக்குரியதான பெயர்' என்பது போல் இரண்டாக எழுதினார். பேதுருவின் பெயரையும் பாருங்கள். ஆண்டவர் அவருக்கு இட்ட பெயர் 'கேபா' என்ற அரமேயச் சொல். கிரேக்கர் அதைப் 'பெத்ரோஸ்' என மொழிபெயர்த்தனர். பெஷீத்தா 'கேபா' என்றே காத்து வைத்திருந்தது. தோமாவோ, கிரேக்கத்தில் இருக்கிறதே என்று, அரமேய மொழி நூலிலேயே 'பெத்ரோஸ்' என்று எழுதினார்! தாயின் வாயிலிருந்து பிள்ளைக்குச் சென்ற பெயர், வேற்றுடையில் தாய் வீட்டிற்கே திரும்பி வந்தது. நம் முன்னோர் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று மொழிந்ததையும், 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் நாம் பேதுரு, பவுல், யோவான் என்று வாசிக்கத் தொடங்கியதையும் எண்ணினால், இது நமக்குப் புதுமையாகத் தோன்றாது.

தோமாவின் நற்செய்தியைப் பொதுமக்கள் ஓதிச் சுவைத்திருப்பது கடினம். ஆயின் கிரேக்கம் அறிந்த அறிஞருக்கு, காணாமற்போன கிரேக்க ஏடுகளைச் சுரியானி வழியே மீண்டும் காண அது ஒரு கண்ணாடி. பவுலின் மொழிபெயர்ப்பு, பெரிதும் அழிந்துவிட்ட ஒரிஜனின் விவிலியப் பணிக்கு இன்றும் முதன்மையான சான்றாக நிற்கிறது. இழப்பும் உண்டு, ஈட்டமும் உண்டு.

மாறிய சொற்கள், மறைந்த உவமைகள்

சில மாற்றங்கள் செபத்தின் உள்ளத்தையே தொட்டன. சுரியானியில் 'ரூஹா' (ஆவி) என்பது பெண்பாற் சொல். ஆகவே தொடக்க காலத்தார் பரிசுத்த ஆவியைக் குறிக்கும்போது இலக்கணப்படி பெண்பால் வினையே பயன்படுத்தினர். ஆவியானவர் எல்லாவற்றையும் போதிப்பார் என்று ஆண்டவர் வாக்களித்த இடத்தில், சீனாய் மலை மடத்தில் 1892-இல் கண்டெடுக்கப்பட்ட பழைய சுரியானி நற்செய்தி ஏடு 'அவள் போதிப்பாள்' என்ற அமைப்பில் எழுதியுள்ளது. பெஷீத்தாவில் அது ஆண்பால் ஆயிற்று. கி.பி. 400-க்குப் பின் கொஞ்சங் கொஞ்சமாக, பரிசுத்த ஆவியைக் குறிக்கும்போது மட்டும் 'ரூஹா' ஆண்பாலாக நடத்தப்பட்டது. 'மெல்த்தா' (வாக்கு) என்ற பெண்பாற் சொல்லும் இறைமகனைக் குறிக்குமிடத்து அவ்வாறே ஆண்பாலாயிற்று. 'வாக்கு' என்ற அஃறிணைச் சொல்லுக்கு நாம் உயர்திணை முடிபு கொடுத்து வாசிப்பதில்லையா? இலக்கணம் விசுவாசத்திற்கு வழிவிட்டது என்றே இதனைக் கொள்ளலாம்.

மனுவுருவாதலைக் குறிக்கப் பழஞ்சுரியானியில் அழகியதொரு சொல்லாட்சி இருந்தது. 'அவர் உடலை அணிந்துகொண்டார்' என்பர். ஆதாம் இழந்த மகிமை என்னும் ஆடையை நமக்கு மீண்டும் உடுத்தவே இறைமகன் நம் உடலை உடுத்தினார் என்று எப்ரேம் போன்றோர் பாடி மகிழ்ந்த உவமை அது. ஆடையை அணிபவர் வேறு, ஆடை வேறு அல்லவா? எனவே இச்சொல் தவறான பொருளுக்கு இடந்தரும் என்று பிலொக்சேனுஸ் வாதிட்டார். கிரேக்கச் சொற்களின் அச்சிலேயே 'உடலெடுத்தார்', 'மனிதரானார்' என்று பொருள்படும் 'எத்பசர்', 'எத்பர்னஷ்' என்னும் வினைகள் வழக்கில் நிலைபெற்றன. தெளிவு கிடைத்தது, கவிதை சற்றே ஒதுங்கி நின்றது.

சொல்லால் பிரிந்த சகோதரர்

கிரேக்கத் தொடர்பின் மிகத் துயரமான பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 451-இல் கல்செதோன் பொதுச்சங்கம், கிறிஸ்து ஒரே ஆளாய், இரு இயல்புகளை உடையவராய் இருக்கிறார் என்று கிரேக்கத்தில் வரையறுத்தது. அதன் கலைச்சொற்களுக்குச் சுரியானியர் கண்ட இணைச்சொற்கள் மூன்று: இயல்புக்குக் 'கியானா', தனியிருப்புக்குக் 'க்னோமா', ஆளுக்குப் 'பர்சோபா'. முதலிரண்டும் சொந்தச் சொற்கள். மூன்றாவது கடன் சொல்.

இணைச்சொல் கிடைத்துவிட்டது, இணையான பொருள் கிடைத்ததா? பாரசீக ஆட்சியில் வாழ்ந்த கீழைத் திருச்சபையினர், ஓர் இயல்பு உண்மையில் இருக்க வேண்டுமானால் அதற்கென ஒரு க்னோமா வேண்டும் என்று எண்ணினர். ஆகவே 'இரு கியானா, இரு க்னோமா, ஒரே பர்சோபா' என்றனர். கிரேக்கர் காதில் இது இரண்டு கிறிஸ்துக்கள் என்பது போல் ஒலித்தது. மேலைச் சுரியானியரோ, கியானா என்றால் நேரில் இருக்கும் ஒன்றையே குறிக்கும் என்று கொண்டு, 'மனிதரான இறைவார்த்தையின் ஒரே கியானா' என்றனர். அது மனித இயல்பை மறுப்பது போல் ஒலித்தது. அரசியலும் பகையும் சேர்ந்தன. ஒரே மொழியில் செபித்த மக்கள் இரு திருச்சபைகளாகப் பிரிந்து, எழுத்திலும் உச்சரிப்பிலுங்கூட வேறுபட்டுப் போயினர்.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே காயம் ஆறத் தொடங்கியது. 1984 ஜூன் 23-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் சிரிய ஆர்த்தோடாக்ஸ் மறைமுதுவர் முதலாம் சக்காவும் வெளியிட்ட கூட்டறிக்கை, அன்றைய பிளவுகள் சொல்லாட்சியிலும் பண்பாட்டிலும் இருந்த வேற்றுமையால் எழுந்தவை என்றும், விசுவாசத்தின் சாரத்தைத் தொடவில்லை என்றும் ஏற்றுக்கொண்டது. 1994 நவம்பர் 11-இல் அதே திருத்தந்தையும் கீழை அசீரியத் திருச்சபையின் மறைமுதுவர் நான்காம் மார் தின்காவும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டனர். ஒரு சொல்லின் பொருளைப் பொறுமையோடு கேட்டறிய நமக்கு எத்தனை நூற்றாண்டுகள் தேவைப்பட்டன!

யாக்கோபும் செபோக்தும்

கிரேக்கக் கல்விக்குப் பேர்பெற்ற மடம், யூப்ரடீஸ் கரையில் 530-ஆம் ஆண்டு அளவில் நிறுவப்பட்ட கென்னெஷ்ரே. அங்கே பயின்றவர் எதேசா யாக்கோபு. 684-இல் எதேசாவின் ஆயரானார். திருச்சபைச் சட்டங்களைப் பிறர் மதிக்கவில்லை என்று மனம் நொந்து, நான்கே ஆண்டுகளில், மறைமுதுவரின் மடத்து வாயிலில் அச்சட்ட ஏட்டையே தீயிலிட்டுப் பதவி துறந்தார். பின்னர் எவுசெபோனா மடத்தில் பதினோர் ஆண்டுகள் கிரேக்கம் கற்பித்தார். கிரேக்கரை வெறுத்த துறவியர் சிலர் எதிர்க்கவே, அங்கிருந்தும் வெளியேறி, தெல் அத்தா மடத்தில் ஒன்பது ஆண்டுகள் விவிலியத் திருத்தத்தில் மூழ்கினார். 708-இல் இறந்தார்.

சுரியானி நெடுங்கணக்கில் இருபத்திரண்டும் மெய்யெழுத்துகளே. தமிழில் உயிர்க்குறிகளை நீக்கிவிட்டால் 'படம்', 'பாடம்' இரண்டும் ஒன்றாகிவிடும் அல்லவா? அந்தக் குறையைப் போக்க யாக்கோபு கிரேக்க முறையில் உயிரெழுத்துகளை அமைத்துக் காட்டினார். அவர் அமைத்தவை நிலைக்கவில்லை. ஆயினும் பின்வந்த மேலைச் சுரியானியர் ஐந்து உயிரொலிகளுக்குக் கிரேக்க எழுத்துகளையே சிறிதாக்கி, மெய்யெழுத்தின் மேலும் கீழும் இட்டனர். கீழைச் சுரியானியர் புள்ளிகளோடு நின்றனர். இன்றும் மேலைச் சுரியானி நூல்களில் அச்சிறு கிரேக்க எழுத்துகளைக் காணலாம்.

அதே கென்னெஷ்ரேயின் மற்றோர் அறிஞர் செவேருஸ் செபோக்த் என்ற ஆயர். கிரேக்கம் நன்கறிந்தவர், வானநூல் வல்லவர். கிரேக்கம் பேசுவதாலேயே அறிவெல்லாம் தமக்குரியது என்று எண்ணியோரை அவர் பொறுக்கவில்லை. 662-இல் எழுதுகையில், ஒன்பது குறிகளைக் கொண்டே எக்கணக்கையும் போடும் இந்தியரின் திறமையை எடுத்துக்காட்டி, பிறருக்கும் அறிவுண்டு என்று நிலைநாட்டினார். நம் நாட்டு எண்களைப் பற்றி வெளிநாட்டில் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு இச்சுரியானி ஆயருடையதே. பிறர் மொழியைக் கற்றுத் தேர்ந்தவரே அதன் செருக்கை நேர்நின்று கண்டிக்கவும் முடிந்தது.

பின்னர் அராபியர் ஆட்சியில் இச்செல்வம் பாக்தாது நகரை அடைந்தது. மறைமுதுவர் முதலாம் திமோத்தேயு காலிப்பின் வேண்டுகோளுக்கிணங்க அரிஸ்தோத்தலின் நூலொன்றைச் சுரியானி வழியாக அரபுக்குக் கொண்டுவர உதவினார். 873-இல் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கேலனின் மருத்துவ நூல்கள் பலவற்றைச் சுரியானியிலும் அரபிலும் ஆக்கித் தந்தார். முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் சொல் சொல்லாக அளந்து பழகியிராவிட்டால் இப்பெரும்பணி கைகூடியிராது.

நாம் அறிவது

அந்தச் சுரியானியே புனித தோமையாரின் பெயரால் வழங்கும் கேரளக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியாகப் பல நூற்றாண்டுகள் விளங்கியது. 1962-இல் சீரோ மலபார் திருப்பலி மலையாளத்திற்கு மாறிய பின்னும் பல பழஞ்சொற்கள் நிலைத்துள்ளன. 1996-இல் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் அமைந்த மறைமாவட்டங்களின் வழியாக, சுரியானி மரபு நம் தமிழ்நாட்டு மண்ணிலும் ஆயர்களோடும் பங்குகளோடும் வாழ்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? கடன் வாங்கியதால் சுரியானி அழியவில்லை. வாங்கிய சொல்லைத் தன் வேரில் ஒட்ட வைத்தபோதெல்லாம் செழித்தது. தன் நடையை மறந்து பிறர் நடையை அடிக்கு அடி பின்பற்றியபோது அறிஞர் கையில் பயன்பட்டது. மக்கள் நாவிலோ கனத்தது. பிறர் சொல்லின் பொருளைக் கேட்டறியாமல் தீர்ப்பிட்டபோது சகோதரரை இழந்தது. செபமும் வாசகமும் நம் தாய்மொழியில் அமையும் பேறு பெற்ற நாம், புதிய சொற்களை ஏற்கும்போதும் பழைய சொற்களை விடும்போதும் இம்மூன்றையும் மனத்தில் இருத்துவோமாக. கோவிலில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லின் பின்னும், அதைத் தேடி, எடைபோட்டு, நமக்கு வழங்கிய ஒருவரின் உழைப்பு உண்டு. பெயர் தெரியாத அம்மொழிபெயர்ப்பாளர்களையும் நன்றியுடன் நினைப்போம்.